எழுகடல் தெருவும் ஒரு நூல்கண்டும்

எங்கள் சித்தப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மதியம். சாப்பிட்ட களைப்பில் எல்லோரும் கூடத்தில் சாய்ந்து கிடந்தோம். தம்பி பழைய தெருவைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். நாங்கள் வளர்ந்தது மதுரைக் கீழமாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில். தங்கம் தியேட்டரில் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கொத்துப் பரோட்டாக் கல்லின் சத்தம் எந்த வீதி வரை கேட்கும், தேர்முட்டிப் படியில் விடிய விடிய உட்கார்ந்து பேசியது, மண்டிக்கு லாரி வந்து மிளகாய் மூட்டை இறங்கும் நேரத்தில் தெருவே தும்மியது, பால்காரர் வருவதற்கு முன்னால் குடித்த கட்டன் காப்பி. சொல்லச் சொல்ல அவன் முகம் சின்னப் பையன் முகமாகிவிட்டது. நடுவில் என் பக்கம் திரும்பிக் கேட்டான்: "ஒனக்கு ஞாபகம் இல்லியாக்கா?"

"ம்" என்று சொல்லி வைத்தேன். எனக்கு மறதி ஒன்றும் கிடையாது. அவன் சொன்ன எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் நான் இருந்ததில்லை. ஒரே வீடு, ஒரே சந்து, இரண்டு வயது வித்தியாசம். அவனுடைய தெரு 1983இல் தொடங்கி அவன் வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போகிற வரை ஓடுகிறது. என்னுடைய தெரு 1987இல், என் பன்னிரண்டாம் வயதில், ஒரு சடங்குப் பந்தலோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் அந்தத் தெருவில் நடந்ததெல்லாம் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் இடையில், கண்ணைத் தரையில் வைத்து.

பழைய தெருக்களைப் பற்றி நிறைய எழுதுகிறோம். சென்னையோ மதுரையோ தஞ்சாவூரோ, எழுதுகிறவர் பெரும்பாலும் தம்பிகள்தான். அவற்றைப் படித்து உருகுகிற பெண்களில் நானும் ஒருத்தி. அப்படி உருகும்போது யாருடைய ஞாபகத்தை நான் கடன் வாங்குகிறேன் என்று அன்றைக்கு மதியம்தான் முதன்முறையாக யோசித்தேன். கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் என் கையில் எவ்வளவு மிஞ்சும்?

நான்கு வருடம் மிஞ்சும். அது கொஞ்சம் இல்லை.

அப்பா மண்டியில் கணக்கு எழுதினார். அம்மா வீட்டில் ரவிக்கை தைத்தாள். அம்மாவுக்கு நூல் வேண்டும், கொக்கி வேண்டும், ஃபால்ஸ் வேண்டும். எட்டு வயதிலிருந்து அதை வாங்கி வருவது என் வேலை. தைக்கிற துணியிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி என் கையில் கொடுப்பாள். அதை மடித்துக்கொண்டு சந்தைத் தாண்டி, விட்டவாசல் வழியாக அம்மன் சன்னதித் தெருவில் நுழைந்து, கீழச்சித்திரை வீதியை எட்டினால் புதுமண்டபம். திருமலை நாயக்கர் கட்டியது. நாயக்க மன்னர்கள் ஆளுயரத்துக்குக் கல்லில் கும்பிட்டு நிற்க, அவர்கள் காலடியில் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். வளையல், பித்தளைச் செப்பு, சாமிக்குச் சாத்துகிற குட்டிப் பாவாடை, பெரிய எழுத்துப் புத்தகம் எல்லாம் அந்தத் தூண்களுக்கு நடுவில் கிடைத்தன. அதை ஒட்டித்தான் எழுகடல் தெரு.

நூலுக்கு நிறம் பார்ப்பது ஒரு வித்தை, அதை அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். கடைக்குள் ட்யூப்லைட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. அங்கே எல்லாமே பொருந்துகிற மாதிரி இருக்கும். கண்டை வாங்கிக்கொண்டு வெளியே வெயிலுக்கு வந்து, துணியின் மேல் ஒரே ஒரு இழையைப் போட்டுப் பார்க்க வேண்டும். கண்டாகச் சுற்றியிருக்கும்போது தெரிகிற நிறம் வேறு, ஒற்றை இழையின் நிறம் வேறு. ராமர் பச்சைக்கும் கிளிப்பச்சைக்கும், அரக்குக்கும் பாக்குக் கலருக்கும் வித்தியாசம் எட்டு வயதில் எனக்குத் தெரியும். மயில்கழுத்து மட்டும் எப்போதும் ஏமாற்றும். இன்றைக்கும் எனக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடிகிற அறிவு என்று இருந்தால் அதில் இதுவும் ஒன்று.

அந்தத் துணித்துண்டு எனக்கு அனுமதிச் சீட்டு. தெருவில் யார் நிறுத்தி "எங்க போற?" என்று கேட்டாலும் உள்ளங்கையைத் திறந்து காட்டினால் போதும். பெண் குழந்தைக்கு எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு எப்போதும் பதில் இருந்தாக வேண்டும். தம்பிக்கு அந்தக் கேள்வியே கிடையாது. அவன் "சும்மா" என்பான், அதுவே பதிலாகிவிடும். நான் இந்தச் சீட்டை வைத்து ஏமாற்றவும் கற்றுக்கொண்டேன். பத்து நிமிட வேலையை முக்கால் மணி நேரமாக்குவேன். முதல் கடையில் நூல் பொருந்தினாலும் பொருந்தவில்லை என்று அடுத்த கடைக்குப் போவேன். பருத்திப்பால் அண்டாவுக்குப் பக்கத்தில், குடிக்கக் காசில்லாமல், சுக்கு மணத்துக்காக நிற்பேன். மும்பைப் பெண்களைப் பற்றி ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் சேர்ந்து 2011இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' என்ற புத்தகத்தைப் பின்னாளில் படித்தபோது சிரித்துக்கொண்டேன். பொதுவெளியில் பெண் நிற்க வேண்டுமானால் ஒரு காரியம் இருப்பதாகக் காட்ட வேண்டியிருக்கிறது, காரணமில்லாமல் சும்மா நிற்கிற உரிமையே கேட்கப்பட வேண்டிய உரிமை என்கிறார்கள். நான் அந்த உரிமையைக் கேட்கவில்லை. திருடிக்கொண்டேன்.

இனி, இதுவரை எழுதாததை எழுத வேண்டும்.

அந்த வட்டாரத்து நூல்கடைகளில் ஒன்றில் எல்லா நிறமும் கிடைக்கும். அம்மா அந்தக் கடையைத்தான் சொல்லி அனுப்புவாள். கடைக்காரர் வயதானவர், நெற்றி நிறையத் திருநீறு. மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போது கையைப் பிடித்துக்கொள்வார். பிடித்த கையை விடமாட்டார். பேசிக்கொண்டே இருப்பார், அப்பா எப்படி இருக்கிறார், எத்தனாவது படிக்கிறாய் என்று. ஆள் இல்லாத மதியத்தில் உள்ளே வந்து நிறத்தைப் பார் என்பார். இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுகூடச் சிலர் நினைக்கலாம். பத்து வயதில் என் உடம்புக்கு அது போதுமானதாக இருந்தது. அந்தக் கடை வாசல் வந்தாலே வயிறு இறுகும்.

யாரிடமும் சொல்லவில்லை. பயத்தால் சொல்லவில்லை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். திரும்பிப் பார்க்கையில் அது ஒரு கணக்கு என்று படுகிறது. அம்மாவிடம் சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கடை மூடப்படாது, எனக்குத் தெரு மூடப்படும். முக்கால் மணி நேரம், சுக்கு மணம், கல் நாயக்கர்கள், வெயிலில் ஒற்றை இழை, எல்லாம் போய்விடும். வாய் மூடியிருப்பதுதான் அந்தத் தெருவுக்கு நான் கொடுத்த வாடகை. ஒரு குழந்தை இப்படிக் கணக்குப் போடுமா என்று கேட்கலாம். பெண் குழந்தைகள் போடுவார்கள். இதைப் படிக்கிற உங்களில் சிலரும் போட்டிருப்பீர்கள், வேறு தெருவுக்கு.

அந்தக் கடைக்கு எதிரே ஒரு அப்பத்தா இட்லி விற்பார். காலையிலும் சாயங்காலத்திலும் மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு அண்டா, நாலு தட்டு, இலைத் துண்டு. எங்கள் வீட்டில் அவரிடம் வாங்கிச் சாப்பிட்டதில்லை. அது கௌரவக் குறைச்சல். ஒருநாள் நான் கடையிலிருந்து இறங்கும்போது கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"ஏத்தா, இங்க வா. இனிமே அங்க உள்ள ஏறாத. வெளிய நின்னு கேளு. காசக் கல்லாவுல வைக்கச் சொல்லி எடுத்துக்க."

"ஏன் அப்பத்தா?"

"ஏன்னு ஒனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். போ, நான் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நான் கடைப்படியில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் அவர் தட்டை 'டங்'கென்று தட்டுவார். வேண்டுமென்றே தட்டினாரா, இட்லி எடுக்கத் தட்டினாரா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. கடைக்காரர் மீதியைப் பலகையின் மேல் வைத்துவிடுவார்.

ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில், தெருவைப் பாதுகாப்பது போலீஸைவிட அதிகமாகத் தெருவின் கண்கள்தான் என்று வாதிடுகிறார். ஜன்னலிலிருந்து பார்ப்பவர்கள், வாசலில் நிற்பவர்கள், முக்கியமாகக் கடைக்காரர்கள். தன் கடை இருக்கிற தெரு ஒழுங்காக இருப்பதில் கடைக்காரருக்கு அக்கறை உண்டு, அதனால் அவர் நல்ல காவலர் என்பது அவர் பார்வை. நகரத்தைப் பற்றி யோசிக்கிற எல்லோரும் படிக்க வேண்டிய புத்தகம்தான். ஆனால் என் எழுகடல் தெருவில் கடைக்காரரின் கண்ணிலிருந்து என்னைக் காப்பாற்ற இன்னொரு கண் வேண்டியிருந்தது. அது கடை என்று சொல்லிக்கொள்ள ஒரு பலகைகூட இல்லாதவரின் கண். யாருடைய கண் என்று கேட்காமல் கண்களை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

அந்த அப்பத்தாவை நினைக்கும்போது நான் மேலே எழுதிய ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. தெரு பெண்களுக்கு மூடியிருந்தது என்ற தொனியில் எழுதிக்கொண்டு வந்தேன். அது பொய். இட்லி விற்றவர் பெண். வாசலில் கூடையை இறக்கி மல்லிகை கட்டியவர்கள் பெண்கள். மண்டி வாசலில் சிந்திய தானியத்தைக் கூட்டிப் புடைத்து எடுத்தவர்கள் பெண்கள். விடிவதற்கு முன்பே மாசி வீதியைப் பெருக்க மாநகராட்சியிலிருந்து வந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள். அவர்கள் எந்தச் சாதியிலிருந்து வந்தார்கள் என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் தம்பியைவிட அதிக நேரம் அந்தத் தெருவில் இருந்தவர்கள் இவர்கள். யாரும் அவர்களை வீட்டுக்குள் இரு என்று சொல்லவில்லை. அவர்கள் மானத்தைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை என்பதுதான் அதன் பொருள். எனக்கு மூடப்பட்டது எங்கள் வீட்டின் கௌரவத்தால். 'தெருவுல கெடக்குறவ' என்று எங்கள் வீட்டில் வைகிற வார்த்தை அவர்களைத்தான் குறித்தது. நான் ஏங்கிய இடத்தில் அவர்கள் இருந்தார்கள், நான் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டதேயில்லை. அது சுதந்திரம் போல எனக்குத் தோன்றவில்லை. தம்பியுடையது மட்டும்தான் அப்படித் தோன்றியது.

சடங்கு முடிந்து என்னை நிறுத்திய பிறகு நூல் வாங்கும் வேலை யாருக்குப் போயிற்று? தம்பிக்கு நிறம் தெரியாது. இரண்டு முறை அனுப்பி, இரண்டு முறையும் தவறான பச்சையோடு வந்தான். பின்கட்டில் குடியிருந்தவர்களின் மகளுக்கு ஒன்பது வயது. அம்மா அவளை அனுப்ப ஆரம்பித்தாள், வாரத்துக்கு ஒரு ரூபாய் கொடுத்து. நிறம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது நான். வெயிலுக்கு எடுத்துக்கொண்டு வா, ஒற்றை இழையைப் போட்டுப் பார், மயில்கழுத்து ஏமாற்றும். எல்லாம் சொன்னேன். அதைச் சொல்லவில்லை. "வெளிய நின்னு வாங்கு" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்டாள். "உள்ள இருட்டா இருக்கும்" என்றேன்.

என்னைப் பற்றி நான் மௌனமாக இருந்ததற்கு இன்று என்னை நானே குற்றவாளியாக்க மாட்டேன். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று பெண்களைக் கேட்கிறவர்களுக்கு என் கணக்கு ஒரு பதில்: சொன்னால் விலை கொடுப்பது சொன்னவள்தான் என்று இருக்கிறவரை, அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் தகுதி இல்லை. ஆனால் அவளிடம் சொல்லாதது வேறு. அங்கே எனக்கு இழக்கத் தெரு ஏதும் மிச்சமில்லை, ஏற்கெனவே போய்விட்டது. அவளிடம் சொல்லியிருந்தால் அவள் தன் அம்மாவிடம் சொல்வாள், அது என் அம்மாவிடம் வரும், எனக்கு ஏன் முன்பே தெரியும் என்ற கேள்வி வரும். வெட்கம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் அறத்தை எதிர்பார்ப்பது நியாயமா? நியாயமில்லை என்று மற்ற எந்தப் பன்னிரண்டு வயதுக்காரிக்கும் உடனே சொல்லிவிடுவேன். எனக்குச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் மூன்றாவது வழி ஒன்று இருந்தது, அதை எனக்குக் காட்டியும் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா ஊரைக் கூட்டவுமில்லை, கண்ணை மூடிக்கொள்ளவுமில்லை. சிறுமியைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னார், பிறகு பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன், அதன் பின்னால் நிற்கவில்லை. அடுத்த வருடம் அந்தக் குடும்பம் வீடு மாறிப் போய்விட்டது. அந்தப் பெண் என்ன ஆனாள், அவளுக்கு என்ன ஞாபகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

எழுகடல் என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வருவது. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலைக்குக் கடலில் நீராட ஆசை. மகளிடம் சொல்கிறாள், மகள் கணவனிடம் சொல்கிறாள். சுந்தரேசுவரர் ஒரு கடல் எதற்கு, ஏழு கடலையும் இங்கேயே வரவழைக்கிறேன் என்று மதுரைக்குள் கொண்டுவந்துவிடுகிறார். அத்தோடு முடியவில்லை. கணவன் கையையோ மகன் கையையோ பிடித்துக்கொண்டு நீராட வேண்டும், இருவரும் இல்லாதவள் கன்றின் வாலையாவது பிடிக்க வேண்டும் என்று விதி. காஞ்சனமாலை விதவை, மகனும் இல்லை. அதனால் இறந்துபோன மலயத்துவச பாண்டியனை மேலுலகத்திலிருந்து வரவழைக்கிறார்கள், அவன் கையைப் பிடித்து அவள் முழுகுகிறாள். மாமியார்மேல் மருமகனுக்கு எவ்வளவு பிரியம் என்று இதைச் சொல்வார்கள். கடலையே கொண்டுவரலாம், செத்தவரையே திரும்பக் கூப்பிடலாம், ஆனால் அவள் கடலுக்குப் போய் வரலாம் என்பது மட்டும் கதையில் யாருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் அவள் மகள் எட்டுத் திசையும் படையெடுத்துப் போனவள். சித்திரைத் திருவிழாவில் இன்றும் மாசி வீதிகளில் திக்விஜயம் வருகிறவள். மறுநாள் திருக்கல்யாணம்.

எங்கள் அம்மாவுக்கும் எல்லாம் வாசலுக்கு வந்தது. கீரை, கோலமாவு, உப்பு, சாணை பிடிப்பவர். அவளுக்குத் தெரு காதால்தான் தெரியும். குரலை வைத்து மணி சொல்வாள்.

சித்தப்பா காரியத்துக்குப் பிறகு ஒரு மாதம் கழித்து அம்மாவிடம் கேட்டேன், அந்த நூல்கடை ஞாபகம் இருக்கிறதா என்று. அவளுக்கு இப்போது கண் சரியில்லை, ஊசியில் நூல் கோக்க முடியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"நல்லா ஞாபகம் இருக்கு. கல்யாணம் ஆன புதுசுல நாந்தான போவேன்."

"அப்புறம் ஏன் நிறுத்துன?"

"அந்த ஆளு சரியில்ல."

பிறகு அவளே சொன்னாள்: "சின்னப் புள்ளகள ஒண்ணும் செய்ய மாட்டான்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, வர எனக்கு வழியில்லை. தான் போக முடியாத இடத்துக்கு அவள் என்னை அனுப்பினாள். நான் போக முடியாமல் போனபோது பின்கட்டுப் பெண்ணுக்கு நிறம் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். கடை அப்படியே இருந்தது. ஆள்தான் சின்னதாகிக்கொண்டே போனது.

தம்பியிடமும் சொன்னேன், தொலைபேசியில். அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "அவரா? எங்களுக்கெல்லாம் சும்மா கூப்பிட்டுக் கல்கண்டு குடுப்பாரேக்கா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அவர் கல்கண்டு கொடுத்தவர். அவனிடமிருந்து அந்தக் கல்கண்டைப் பிடுங்குவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் அடுத்த முறை அந்தத் தெருவைப் பற்றிப் பேசும்போது, நான் 'ம்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் அதுவும் பழைய வாடகைதான். இந்த வயதில் அதைக் கட்ட வேண்டியதில்லை.

போன தை மாதம் எழுகடல் தெருவுக்குப் போனேன், கையில் துணித்துண்டு இல்லாமல். சித்திரை வீதிகளில் இப்போது வண்டிகள் கிடையாது. புதுமண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். நாயக்கர்கள் காலடியில் மிஷின் சத்தம் இல்லாமல் நின்றார்கள். அந்தக் கடை இருந்த இடத்தில் செல்பேசி உறைகள் தொங்கின. எதிரே அப்பத்தா உட்கார்ந்த இடம் எது என்று என்னால் சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. அங்கேயே, வெயிலில், நின்றேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பக்கத்து நூல்கடைப் பையன் எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா வேணும்?"

சும்மா நிற்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ராமர் பச்சை, ஒரு கண்டு" என்றேன். மீதிக் காசைக் கையில் கொடுத்தான். வெளியே வந்து ஒரு இழையை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பொருத்திப் பார்க்கத்தான் துணி இல்லை.